ஐந்து சந்திகள்

நாடகக் கதை எந்தெந்தக் கட்டங்களாக வளர்ந்து முடியும் என்று வகுத்துக் காட்டும் பழைய இலக்கணக் கூறு ஐந்து சந்திகள். தமிழில் இவற்றின் பெயர்கள்: முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல்.

இந்தப் பகுப்பின் மூலம் வடமொழி நாட்டியசாஸ்திரம். விதை போலச் சிறிதாக ஊன்றப்படும் ஒரு காரியம், தலைவன் பயனை அடைவதில் முடிகிறது. இடையில் அது கண்ணில் பட்டு மறையும்; கைக்கு எட்டி நழுவும். நான்காம் சந்தியான விமர்சத்தில் (தமிழில் விளைவு) பெரிய தடை ஒன்று குறுக்கிடும். 10ஆம் நூற்றாண்டில் மாளவத்து முஞ்சன் அவையில் இருந்த தனஞ்சயன், தசரூபகத்தில் இதையெல்லாம் சுருக்கித் தந்தார். தமிழில் தண்டியலங்காரமும், பெருங்காப்பியம் சந்திகளால் தொடர்ந்து செல்ல வேண்டும் என்கிறது.

தமிழில் விரிவான விளக்கம் கிடைப்பது சிலப்பதிகாரத்துக்கு அடியார்க்குநல்லார் எழுதிய உரையில். விதை என்ற பழைய குறிப்பை அவர் முழு வெள்ளாமையாகவே ஆக்கிவிடுகிறார். உழுது பண்படுத்திய புழுதியில் இட்ட வித்து முளைப்பது முகம். முளை இலைவிட்டு நாற்றாவது பிரதிமுகம். நாற்று வளர்ந்து சூல்கொண்டு நிற்பது கருப்பம். கதிர் முற்றித் தலைசாய்வது விளைவு. அறுத்து, போரடித்து, தூற்றி, வீட்டுக்குக் கொண்டுபோய் உண்டு மகிழ்வது துய்த்தல். கதை முடிகிற இடம் களத்துமேடு கூட இல்லை, சாப்பாட்டு இலை. முடிவைப் பார்வையாளனின் நுகர்ச்சிவரை நீட்டிப் பார்க்க இந்த உவமை இடம் தருகிறது.

இதில் இழப்பும் உண்டு. விமர்சத்தின் தடை, பயிர் முற்றுகிற காட்சியில் காணாமல் போகிறது. பூச்சியோ வெள்ளமோ வராத வயல் அது! கோவலன் வெட்டுண்ட கதைக்கு எழுதிய உரையிலேயே இப்படி ஓர் இடையூறற்ற விளக்கம் வருவது வியப்புத்தான். இந்தச் சட்டத்தில் சிலம்பைப் பொருத்தினால், கண்ணகிக்குக் கோயில் எடுக்கும் வஞ்சிக் காண்டமே துய்த்தலாக அமையும். அக்காண்டத்துக்கு அவர் உரை கிடைக்கவில்லை.

அச்சுக் காலத்தில் இந்தக் கோட்பாடு பரவியதில் கொல்கத்தாவுக்குப் பெரும்பங்கு உண்டு. ஹோரஸ் ஹேமன் வில்சனின் இந்து நாடகத் தொகுப்பு 1827இல் அங்கே வெளிவந்தது. சந்திகளை ஆங்கிலம் படித்தவர்களுக்கு அறிமுகப்படுத்திய நூல்களில் அது முந்தியது. ஃபிட்ஸ்எட்வர்ட் ஹால் பதிப்பித்த தசரூபகத்தை ஆசியச் சங்கம் தன் பிப்ளியோதிகா இண்டிகா வரிசையில் 1865இல் முடித்து வெளியிட்டது. இவ்விரண்டுக்கும் நடுவே, 1863இல், ஜெர்மானியரான குஸ்தாவ் ஃபிரைடாக் தம் ஐந்து படிகளை எழுதினார். தொடக்கம், வளர்ச்சி, உச்சம், வீழ்ச்சி, முடிவு என்று தமிழ்ப் பாடநூல்களில் வருவது அவர் வகுத்தது. எண் ஒன்றுதான், வடிவம் வேறு. ஃபிரைடாக்கின் கதை நடுவில் உச்சி தொட்டுச் சரிகிறது. சந்திக் கதை கடைசிவரை பயனை நோக்கியே போகிறது.

சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையுடன் உ.வே. சாமிநாதையர் 1892இல் பதிப்பித்த பிறகே தமிழ்ப் பெயர்கள் மறுபடி புழக்கத்துக்கு வந்தன. ஐந்தாண்டு கழித்துப் பரிதிமாற்கலைஞர் செய்யுளில் ‘நாடகவியல்’ இயற்றினார். மட்டக்களப்புப் பகுதிக் காரைதீவில் பிறந்த விபுலாநந்தரின் ‘மதங்க சூளாமணி’ (1926) இன்னும் துணிச்சலானது. தசரூபகத்தையும் சிலம்பின் உரையையும் கையில் வைத்துக்கொண்டு ஷேக்ஸ்பியர் நாடகங்களை அது ஆராய்கிறது. துன்பியல் நாடகங்களில் துய்த்தலுக்கு என்ன பொருள் என்ற கேள்வி அங்கேதான் கூர்மையாகிறது. கிங் லியரின் முடிவில் அறுவடை செய்ய என்ன இருக்கிறது?

இன்றைய திரைக்கதை விவாதங்களில் சந்தி என்ற சொல் காதில் விழுவதில்லை. பேச்சு பெரும்பாலும் ‘இன்டர்வெல் பிளாக்’ பற்றித்தான். கைக்கு வந்தது நழுவி, தேடல் புதிதாகத் தொடங்கும் அந்த இடத்தை, நாட்டியசாஸ்திரம் கருப்பச் சந்திக்குள் வைத்திருக்கிறது.