முடியாட்சியின் கதை – 9: மன்னர் பதவிக்கு ஒரு தேர்தல்

சென்ற வாரம் பிரான்ஸின் பதினான்காம் லூயி மன்னரைப் பார்த்தோம். முடியாட்சி என்றதும் நம் மனத்தில் எழுவது அந்தச் சித்திரம்தான். அப்பனுக்குப் பின் பிள்ளை, அவர் வைத்ததே சட்டம். இந்த இரண்டையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவதை முடியாட்சி என்று சொல்ல முடியுமா? இரண்டு நூற்றாண்டுக்கும் மேல் இதைச் சோதித்துப் பார்த்தது போலந்து.

1572 ஜூலை 7 அன்று போலந்து மன்னர் சிகிஸ்முண்ட் அகஸ்டஸ் காலமானார். மூன்று முறை மணம் முடித்தும் பிள்ளை இல்லை. அவரோடு யாகியெல்லோன் வம்சத்தின் ஆண் வழி அற்றுப்போனது. மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான் போலந்தும் லிதுவேனியாவும் அவர் முயற்சியில் ஒரே அரசாக இணைந்திருந்தன. அதுவரையிலும் பிரபுக்களின் சம்மதத்தோடுதான் மன்னர்கள் முடிசூடினார்கள் என்றாலும், தேர்வு அந்த ஒரு குடும்பத்தைத் தாண்டியதில்லை. இப்போது அந்தக் குடும்பத்தில் ஆண் வாரிசே இல்லை.

பிரபுக்கள் கூடிப் பேசினார்கள். மன்னரை நாமே தேர்ந்தெடுப்போம், ஒவ்வொரு பிரபுவும் நேரில் வந்து வாக்களிக்கலாம் என்று முடிவாயிற்று. அங்கே பிரபு வர்க்கம் மிகப் பெரியது. நூறு பேரில் ஆறு முதல் பத்துப் பேர் பிரபுக்கள். ஊர் ஊராக நிலம் வைத்திருந்த சீமான்களும் அதில் உண்டு, இடுப்பு வாளைத் தவிர வேறு சொத்தில்லாதவர்களும் உண்டு. வாக்கு எல்லோருக்கும் ஒன்றுதான். பண்ணையடிமைகளாகக் கிடந்த குடியானவர்களுக்கு மட்டும் எந்த வாக்கும் இல்லை.

1573 வசந்தத்தில் வார்சாவுக்கு எதிரே, விஸ்துலா ஆற்றின் மறுகரையில் கூடாரங்கள் முளைத்தன. குதிரையும் ஆயுதமுமாக வந்து குவிந்தவர்கள் 40,000 பேர் என்பார்கள். பேசப்பட்ட பெயர்களில் ரஷ்யாவின் ‘பயங்கர’ இவான் இருந்தார். ஸ்வீடன் மன்னர் இருந்தார். ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் இளவரசர் இருந்தார். வென்றவர் பிரான்ஸ் மன்னரின் தம்பி, 21 வயது ஹென்றி.

ஆனால் முந்தைய ஆண்டு ஆகஸ்டில்தான் பாரிஸில் ஆயிரக்கணக்கான புராட்டஸ்டண்டுகள் வெட்டிச் சாய்க்கப்பட்டிருந்தார்கள். போலந்துப் பிரபுக்களில் பலர் புராட்டஸ்டண்டுகள். அண்ணன் ஆட்சியில் அங்கே நடந்தது நாளை தம்பி ஆட்சியில் இங்கே நடக்காது என்பதற்கு என்ன உத்தரவாதம்? எனவே மகுடத்தைக் கொடுக்கும் முன்பே கையெழுத்து கேட்டார்கள். சமய வேறுபாட்டின் பேரில் யாரையும் துன்புறுத்தக் கூடாது. நாடாளுமன்றத்தை இரண்டாண்டுக்கு ஒரு முறையாவது கூட்டியாக வேண்டும். அதன் சம்மதமில்லாமல் புது வரி கிடையாது. உயிரோடு இருக்கும்போதே வாரிசை நியமிக்கக் கூடாது. வாக்குத் தவறினால் பிரபுக்கள் மன்னருக்குக் கீழ்ப்படிய வேண்டியதில்லை. ‘ஹென்றியின் விதிகள்’ என்று பெயர் பெற்ற இவற்றைப் பின்னால் வந்த ஒவ்வொரு மன்னரும் ஏற்க வேண்டியிருந்தது. மன்னர் மீது போட்ட வழக்கில் மன்னரே தீர்ப்பு எழுதிய காலத்தில் இது சாதாரணக் காரியமா?

இவை தவிர ஹென்றிக்குத் தனி நிபந்தனைகளும் உண்டு. பழைய மன்னரின் கடனை அடைக்க வேண்டும். மறைந்த மன்னரின் தங்கை, ஐம்பதை நெருங்கிய அன்னாவை அவர் மணப்பார் என்ற எதிர்பார்ப்பும் இருந்தது. ஹென்றி அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். 1574 பிப்ரவரியில் கிராகோவில் முடிசூட்டு விழா. மே மாதக் கடைசியில் பாரிஸில் அண்ணன் இறந்தார். ஜூனில் ஓரிரவு, போலந்து மன்னர் தம் அரண்மனையிலிருந்து யாருக்கும் சொல்லாமல் ஓட்டம் பிடித்தார். பிரபுக்கள் குதிரையில் துரத்தினார்கள். எல்லைக்கு அப்பால் எட்டிப் பிடித்து மன்றாடினார்கள். அவர் திரும்பவில்லை. பாரிஸில் பிறப்புரிமையாகக் கிடைக்கும் மகுடம் இருக்கும்போது நிபந்தனையோடு வரும் மகுடம் எதற்கு?

அடுத்துத் தேர்வான டிரான்சில்வேனியாவின் ஸ்டீபன் பாத்தோரி அன்னாவை மணந்தார், திறமையாகவும் ஆண்டார். 1674இல் தேர்வான யான் சோபியெஸ்கி, 1683இல் வியன்னாவை முற்றுகையிட்ட துருக்கியப் படையை முறியடித்தார். பிறப்பு கொடுக்காத தகுதியைத் தேர்தல் கொடுக்கக்கூடும் என்பதற்கு இவர்கள் சாட்சி.

பிரச்சினை தேர்வானவர்களிடம் இல்லை. தேர்தல்களுக்கு நடுவே கிடந்த வெற்றிடத்தில் இருந்தது. மன்னர் கண்மூடும் ஒவ்வொரு முறையும் ‘அடுத்து யார்?’ என்ற கேள்வி ஐரோப்பாவுக்கே திறந்து விடப்பட்டது. தூதர்கள் பணமூட்டையோடு வந்தார்கள். பிறகு படைகள் வந்தன. 1697இல் அதிக வாக்கு பெற்றவர் பிரான்ஸின் கான்டி இளவரசர்; படையோடு முந்திவந்து முடிசூடியவர் சாக்சனியின் அகஸ்டஸ். 1733இல் பிரபுக்கள் லெஷ்சின்ஸ்கியைத் தேர்ந்தெடுத்தார்கள். ரஷ்யப் படை வந்து மூன்றாம் அகஸ்டஸை அமர்த்தியது. 1764இல் ரஷ்யத் துருப்புகளின் நிழலில் தேர்வான பொனியடோவ்ஸ்கி, பேரரசி கேதரினின் முன்னாள் காதலர்.

நாடாளுமன்றத்தில் வேறொரு நோயும் இருந்தது. ஒரே ஓர் உறுப்பினர் ‘சம்மதமில்லை’ என்றால் கூட்டமே கலைந்துவிடும். 1652இல் தொடங்கிய இந்த வழக்கத்தால், மூன்றாம் அகஸ்டஸின் முப்பதாண்டு ஆட்சியில் ஒரே ஒரு கூட்டத்தொடர்தான் உருப்படியாக முடிந்தது. மன்னரைக் கட்டிப்போட்டவர்கள் தங்களையும் கட்டிக்கொண்டார்கள். 1772இல் ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் சேர்ந்து நாட்டில் ஏறத்தாழ மூன்றிலொரு பகுதியைப் பங்கு போட்டுக்கொண்டன.

அடிபட்ட பிறகு விழித்தார்கள். 1791 மே 3 அன்று புது அரசியல் சட்டம் வந்தது. பிரான்ஸில் புரட்சியாளர்கள் மன்னர் பதவிக்கே குழிதோண்டிக்கொண்டிருந்த நேரத்தில், போலந்துச் சீர்திருத்தவாதிகள் மன்னர் தேர்தலை ஒழித்து, பொனியடோவ்ஸ்கிக்குப் பின் சாக்சனிய வம்சத்துக்கு அரியணையைப் பரம்பரை உரிமையாக்கினார்கள். தனி உறுப்பினரின் தடை உரிமையும் ஒழிந்தது. அதே கையோடு, அமைச்சர் கையெழுத்தில்லாமல் மன்னரின் ஆணை செல்லாது என்றும், அமைச்சர் நாடாளுமன்றத்துக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றும் எழுதினார்கள்.

இதைப் பிற்போக்கு என்று சொல்லிவிட முடியாது. பிறப்புவழி வரும் மன்னர் அறிவாளியாக இருப்பார் என்று அவர்கள் நம்பவில்லை. ‘அடுத்து யார்?’ என்ற கேள்விக்கு விடை முன்கூட்டியே தெரிந்திருந்தால் அந்நியனுக்கு உள்ளே நுழைய இடமில்லை, அவ்வளவுதான். பரம்பரை மன்னருக்கு உரியது நாற்காலியின் தொடர்ச்சி, அதிகாரத்தின் கணக்கு வேறிடத்தில் என்று அவர்கள் பிரித்தார்கள். முடியாட்சிக்கு அவசியமானது எல்லையற்ற அதிகாரமல்ல, வாரிசு முறையின் நிச்சயம்தான் என்பதே அவர்கள் இருநூறாண்டு அனுபவத்தில் கண்ட முடிவு. இன்று பிரிட்டனிலும் ஸ்வீடனிலும் ஜப்பானிலும் எஞ்சியிருக்கும் முடியாட்சி ஏறக்குறைய இந்தப் பிரிவினையின் மீதுதான் நிற்கிறது.

போலந்துக்கு மட்டும் அவகாசம் கிடைக்கவில்லை. மறு ஆண்டே ரஷ்யப் படை புகுந்தது. 1793இல் இரண்டாம் பங்கீடு, 1795இல் மூன்றாவது. அந்த ஆண்டு நவம்பரில் பொனியடோவ்ஸ்கி முடிதுறந்தார். சட்டம் குறித்து வைத்திருந்த வாரிசுக்குக் கொடுக்க நாடு மிஞ்சவில்லை.

அடுத்த வாரம்: முடியாட்சி வேண்டுமா, குடியரசு வேண்டுமா என்று முதலில் மக்களிடம் கேளுங்கள், பிறகுதான் வருவேன் என்று 1905இல் நார்வேயிடம் அடம்பிடித்த டென்மார்க் இளவரசர்.