துப்பறியும் சிறுமி ஸோரா

சிறுவர்களுக்கான மர்மக் கதைகளில் ஒரு தனி வகை உண்டு. புகழ்பெற்ற எழுத்தாளர் ஒருவரைச் சின்னக் குழந்தையாக்கி, அவரைத் துப்பறிய விட்டுவிடுவார்கள். இப்படி வரும் புத்தகங்களில் பலவற்றில் எழுத்தாளரின் பெயரை எடுத்துவிட்டு வேறு பெயரைப் போட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது. 2010இல் வெளிவந்த 'ஸோரா அண்ட் மீ' அப்படிப்பட்டதல்ல. விக்டோரியா பாண்ட், டி. ஆர். சைமன் என்ற இரு பெண்கள் சேர்ந்து எழுதிய நாவல் இது. இதில் துப்பறிபவள் சிறுமி ஸோரா நீல் ஹர்ஸ்டன். கதையைச் சொல்பவள் அவளுடைய தோழி கேரி.

ரயில் தண்டவாளத்தருகே ஓர் இளைஞனின் உடல் கிடக்கிறது. ஊரில் தனியாக வாழும் ஒரு கிழவர் இரவில் முதலையாக மாறுகிறார், அவர்தான் கொன்றார் என்பது ஸோராவின் கட்சி. ஆனால் உண்மைக் காரணம் முதலை அல்ல, நிறவெறி. கட்டுக்கதையில் தொடங்கி வரலாற்றில் போய் நிற்கும் துப்பறியும் கதை!

கதை நடக்கும் ஈட்டன்வில் நிஜ ஊர். ஃப்ளோரிடாவில் 1887இல் கறுப்பின மக்கள் தாங்களே அமைத்து, தாங்களே ஆண்டுகொண்ட ஊர். ஸோராவின் தந்தை அங்கே மேயராக இருந்தவர். ஜோ கிளார்க் கடைத் திண்ணையில் பெரியவர்கள் அளக்கும் கதைகளை ஒட்டுக்கேட்டு வளர்ந்தவள் ஸோரா. நாவலாசிரியர்கள் அவளுக்குத் துருவித்துருவிக் கேட்கும் குணத்தைப் புதிதாகக் கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

வளர்ந்த பிறகும் அது போகவில்லை. மானிடவியல் அறிஞர் ஃபிரான்ஸ் போவாஸிடம் படித்துவிட்டு, நாட்டார் கதைகளைச் சேகரிக்கத் தெற்கே போனார். மரம் அறுக்கும் தொழிலாளர்களின் முகாம் ஒன்றில் யாரும் வாயைத் திறக்கவில்லை. அவருடைய காரைப் பார்த்து, அரசாங்க ஆள் அல்லது துப்பறிவாளர் என்று நினைத்துவிட்டார்கள்! கள்ளச்சாராயக் கடத்தலில் போலீசுக்குப் பயந்து ஓடிவந்தவள் என்று ஒரு பொய் சொன்ன பிறகுதான் கதைகள் கிடைத்தன. அவை 1935இல் 'மியூல்ஸ் அண்ட் மென்' என்ற நூலில் வந்தன.

இன்னொரு பொய் அதைவிடப் பெரியது. 1917இல் பால்டிமோரில் இலவசப் பள்ளிப் படிப்புக்கு வயது வரம்பு இருந்தது. ஸோராவுக்கு அப்போது 26 வயது. 1901இல் பிறந்ததாகச் சொல்லிப் பத்து வயதைக் குறைத்துக்கொண்டு சேர்ந்தார். படிக்க வேறு வழி இல்லாதவர் சொன்ன பொய். குற்றம் சொல்ல மனம் வராது. பிற்பாடும் உண்மையான ஆண்டை அவர் வெளியிடவில்லை. பிறந்த ஊரும் ஈட்டன்வில் என்றே எழுதினார். உண்மையில் பிறந்தது அலபாமாவில், 1891இல்.

எத்தனை புத்தகம் எழுதியும் கையில் காசு நிற்கவில்லை. ஒரு புத்தகத்துக்கு அவர் பெற்ற மிக அதிகமான ராயல்டி 943 டாலர் 75 சென்ட். 1960 ஜனவரியில் ஃபோர்ட் பியர்ஸில், ஏழைகளுக்கான அரசு இல்லத்தில் இறந்தார். நன்கொடை வசூலித்து அடக்கம் செய்தார்கள். கல் வைக்கவில்லை. விட்டுச்சென்ற காகிதங்களைத் தீயில் போட்டுவிட்டார்கள். வழியில் வந்த ஒரு காவல் அதிகாரி அணைத்ததால் மிஞ்சியவை இன்று ஆய்வாளர்களுக்குக் கிடைக்கின்றன.

1973இல் துப்பறியும் வேலை கைமாறியது. எழுத்தாளர் ஆலிஸ் வாக்கர், ஸோராவின் அண்ணன் மகள் என்று பொய் சொல்லி ஊர் ஊராக விசாரித்தார். இடுப்பளவு புதர் மண்டிய கல்லறைத் தோட்டத்தில் பாம்புக்குப் பயந்தபடி நடந்து, பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அப்போது கால் ஒரு பள்ளத்தில் இறங்கியது. ஓர் ஆளின் நீளமுள்ள பள்ளம். அதுதான் கல்லறை என்று முடிவு செய்தார். 

அங்கே வாக்கர் ஒரு கல் நட்டார். 1900ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இருந்த உண்மையான பிறந்த ஆண்டை ஆய்வாளர்கள் கவனித்தது அதற்குப் பிறகுதான். கல்லில் பொறிக்கப்பட்டது, பள்ளிக்கூடத்தில் சேர அன்று ஸோரா சொன்ன அதே 1901.