காகித விளிம்பில் பிறந்த எழுத்து

ஜப்பானின் ஷிகா மாகாணத்தில், தாகா என்ற ஊரைச் சேர்ந்த சிறு பகுதி அக்கென்பரா. அந்தப் பெயரின் முதல் எழுத்தில் மேலே ‘மலை’, கீழே ‘பெண்’. அவ்வளவுதான். அபூர்வமான இந்த எழுத்தைக் கணினிக்குள் கொண்டுவரப் போய், ஜப்பானின் எந்த ஊர்ப் பெயரிலும் இல்லாத வேறோர் எழுத்து பிறந்துவிட்டது.

கணினி எழுத்துகளை எண்களாகத்தான் வைத்துக்கொள்ளும். ஒரு பைட்டுக்குள் 256 எண்கள் அடங்கும். ஆங்கிலத்துக்கு அது தாராளம். 1969இல் ஜப்பான் தன் முதல் தரத்தை வகுத்தபோது, ஆங்கிலத்துக்குப் பின் எஞ்சிய இடத்தில் கதகானா அசையெழுத்துகளை மட்டுமே வைக்க முடிந்தது. நிறுத்தற்குறிகளையும் சேர்த்து 63. சீனத்திலிருந்து வந்த கான்ஜி எழுத்துகள் வெளியே நின்றன. அந்த இழப்பு சிறிதல்ல. ‘ஹாஷி’ என்று கதகானாவில் எழுதினால் அது பாலமா, உண்ணும் குச்சியா, விளிம்பா? கான்ஜியில் எழுதினால் பார்த்த உடனே தெரிந்துவிடும்.

1978இல் வழி பிறந்தது. எழுத்துக்கு இரண்டு பைட்டுகள். 94 வரிசைகள், வரிசைக்கு 94 கட்டங்கள், ஆக 8,836 இடங்கள். அவற்றில் 6,349 கான்ஜிகள் குடியேறின. அதிகம் புழங்கும் 2,965 எழுத்துகளை ஒலிப்பின்படி அடுக்கினார்கள். மற்ற 3,384 எழுத்துகளைப் பலரால் வாசிக்கவே முடியாது என்பதால், அவற்றை உருவத்தின்படி அடுக்கினார்கள். பயன்படுத்துபவரை மனத்தில் வைத்துச் செய்த வேலை இது.

எந்தெந்த எழுத்துகளைச் சேர்ப்பது? அகராதியோடு நிற்காமல், அரசு அலுவல் பட்டியல்களையும், ஓர் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் திரட்டிய ஆட்பெயர் எழுத்துகளையும், நாட்டின் நிர்வாகப் பகுதிகளின் பெயர்த் தொகுப்பையும் புரட்டினார்கள். சரியான முடிவு. சொந்தப் பெயரையும் ஊரையும் எழுத உதவாத தரத்தால் யாருக்கு என்ன பயன்?

ஆனால் வழியில் சில எழுத்துகள் திரிந்தன. அந்தப் பெயர்த் தொகுப்பில், அக்கென்பராவின் எழுத்துக்கு அச்சு இல்லாததால், ‘மலை’யையும் ‘பெண்’ணையும் தனித்தனியே வெட்டி ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டியிருந்தார்கள். படியெடுத்தபோது ஒட்டிய காகிதத்தின் விளிம்பு நிழலாக விழுந்தது. அந்த நிழலைக் குறுக்குக் கோடு என்று நினைத்துப் படியெடுத்துவிட்டார்கள். 54ஆம் வரிசை, 12ஆம் கட்டத்தில் நிழலுக்கும் சேர்த்து இடம் கிடைத்தது.

பின்னர் கணினிகள் பெருகின. ஒரே எழுத்துத் தொகுப்பை மின்னஞ்சல் ஒரு விதமாகவும், யூனிக்ஸ் கணினிகள் இன்னொரு விதமாகவும், வீட்டுக் கணினிகளின் ‘ஷிஃப்ட் ஜிஸ்’ வேறொரு விதமாகவும் பைட்டுகளாக்கின. ஒன்றில் எழுதியதை மற்றொன்றாகத் திறந்தால் திரையெங்கும் கிறுக்கல். அதற்கு ‘மொஜிபாகே’ என்று பெயர். ‘மொஜி’ எழுத்து, ‘பாகே’ மாயமாக உருமாறுவது. இந்த முறைகள் எல்லாவற்றிலும் நிழல் எழுத்தும் கூடவே பயணம் செய்தது.

1997இல் தரத்தைத் திருத்தியபோதுதான் சசஹாரா ஹிரொயுகி உள்ளிட்ட ஆய்வாளர்கள் மூல ஆவணங்களை ஒவ்வொன்றாகத் தேடி, இதன் பிறப்பைக் கண்டுபிடித்தார்கள். ஓர் எழுத்துக்காகப் பழைய ஊர்ப்பட்டியல்களைத் தாள் தாளாகப் புரட்டிய அந்த உழைப்பு போற்றத்தக்கது. இப்படி மூலம் தெரியாமல் தரத்தில் புகுந்த எழுத்துகளுக்கு ‘யூரெய் மொஜி’, அதாவது பேய் எழுத்துகள் என்ற பெயர் நிலைத்தது.

பிழை தெரிந்த பிறகும் அவற்றை நீக்கவில்லை. ஒரு முறை எண் கொடுத்துவிட்டால் அதை நம்பி எங்கோ ஒரு கோப்பு இருக்கும். எண்ணைப் பறித்தால் அந்தக் கோப்பு ஊமையாகிவிடும். உலக மொழிகளுக்கான பொதுத் தரமான யூனிகோடும் அவற்றை அப்படியே ஏற்றுக்கொண்டது. அதன் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டுகள். அக்கென்பராவின் உண்மையான எழுத்தோ 2000ஆம் ஆண்டின் விரிவாக்கப்பட்ட தரம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

55ஆம் வரிசை, 27ஆம் கட்டத்தில் இன்னொரு பேய் எழுத்து இருக்கிறது. ‘வில்’லின் பக்கத்தில் ‘அண்ணன்’ என்பதுபோல் ஒரு வடிவம். அது எந்தப் பெயரிலிருந்து வந்தது, எந்த எழுத்தின் திரிபு என்று உறுதியாகச் சொல்ல அந்த ஆய்வாளர்களாலும் முடியவில்லை.