மேடை எத்தனை அடி உயரம்?

கொங்குப் பகுதியின் பழைய கல்யாணங்கள் வீட்டு வாசலில்தான் நடந்தன. வாசலைச் சாணி போட்டு மெழுகி, மேலே தென்னங்கீற்றுப் பந்தல் போட்டு, அதற்குள்ளேயே மணவறை வைத்துவிடுவார்கள். சடங்கை நடத்துபவர் அருமைக்காரர். குடிமகன் எனப்படும் நாவிதர் மங்கல வாழ்த்துப் பாடுவார். அதைக் கம்பர் இயற்றியதாகச் சொல்வது மரபு. மாப்பிள்ளையின் உடன்பிறந்தவளுக்கு இணைச்சீர் உண்டு. தாய்மாமனுக்குத் தனி வேலைகள் உண்டு. ஒரே ஆள் தலையில் சுமத்தாமல் பல பேருக்குப் பிரித்துக் கொடுத்த கல்யாணம் அது.

அந்தப் பந்தலை நான் புனிதப்படுத்த விரும்பவில்லை. கணவனை இழந்தவள் அருமைக்காரி ஆக முடியாது. பெற்ற தாயே ஆனாலும் சீர் நடக்கும்போது அவள் ஓரமாகத்தான் நிற்க வேண்டும். யார் எங்கே உட்காரலாம் என்பதைச் சாதி முடிவு செய்தது. இவ்வளவு விலக்குகள் இருந்த இடத்திலும், நடக்க முடியாத ஒரு தகப்பன் மணவறைப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ள முடிந்தது. காரணம் எளிது. எல்லாரும் தரையில்தான் உட்கார்ந்திருந்தார்கள்.

சாஸ்திரம் என்ன சொல்கிறது என்று ஒருமுறை தேடிப் பார்த்தேன். யாக்ஞவல்கிய ஸ்மிருதி இந்த விஷயத்தில் இரண்டு முகம் காட்டுகிறது. சொத்து என்று வரும்போது ரொம்பக் கடுமை. பார்வையற்றவருக்கும் கால் ஊனமானவருக்கும் பங்கு கிடையாது, சோறு போட்டுக் காப்பாற்றினால் போதும் என்கிறது. அவர்களுடைய மகள்களைக் கல்யாணம் ஆகும்வரை பராமரிக்க வேண்டும் என்றும் சேர்த்துச் சொல்கிறது. அதே நூல், பெண்ணைத் தாரை வார்க்கும் உரிமை யாருக்கு என்ற இடத்தில் தகப்பன், தாத்தா, சகோதரன், உறவினர், தாய் என்று வரிசை போடுகிறது. அவர் தன்னிலையில் இருக்க வேண்டும் என்பது மட்டும்தான் அங்கே நிபந்தனை. சித்தப்பிரமை போன்றவை இல்லாதவர் என்று உரைகாரர்கள் அதற்குப் பொருள் சொல்கிறார்கள். காலைப் பற்றியோ கண்ணைப் பற்றியோ பேச்சே இல்லை. அதாவது, நிலத்தில் பங்கு இல்லை என்று ஒதுக்கப்பட்ட மனிதருக்குக்கூட மகளைத் தாரை வார்க்கும் இடம் இருந்தது.

சொத்து விலக்கை நீக்கத்தான் நீண்ட காலம் பிடித்தது. 1928இல் வந்த இந்து வாரிசுரிமைத் தகுதிக்குறைவு நீக்கச் சட்டம் உடல் ஊனத்தைக் காரணம் காட்டிப் பங்கை மறுப்பதை நிறுத்தியது. பிறவியிலேயே மனநிலை பாதிக்கப்பட்டவர்களை மட்டும் வெளியே விட்டது. அந்த மிச்சத்தையும் 1956ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 28ஆம் பிரிவு துடைத்தது.

ஏட்டில் கதவுகள் இப்படித் திறந்துகொண்டிருந்த அதே காலத்தில்தான் நம் ஊர்க் குழந்தைகளைப் போலியோ தாக்கிக்கொண்டிருந்தது. சால்க் தடுப்பூசிக்கு அமெரிக்காவில் 1955இல் அனுமதி கிடைத்துவிட்டது. இந்தியாவில் நாடு தழுவிய தடுப்பூசித் திட்டம் தொடங்கியதோ 1978இல். பல்ஸ் போலியோ 1995இல். கடைசி நோயாளி 2011 ஜனவரியில், ஹவுராவில். இந்த இடைவெளியில் பிறந்து கால் சூம்பிப்போன பிள்ளைகள் பலர் இன்று சம்பந்திகள் ஆகும் வயதில் இருக்கிறார்கள். என் அப்பா அவர்களில் ஒருவர். 1957இல் பிறந்தார், இரண்டு வயதில் காய்ச்சல் வந்தது. இடது முட்டியைக் கையால் அழுத்திக்கொண்டு நடப்பார். அந்த நடையிலேயே முப்பது வருஷம் மில்லுக்குப் போய் வந்தார்.

ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் அந்த நடையும் போய்விட்டது. போலியோ வந்து பல பத்தாண்டுகள் கழித்துத் தசைகள் மறுபடி தளரும். மருத்துவத்தில் இதற்குப் பின்போலியோ நோய்க்குறி என்று பெயர். பாடுபட்டு நடந்தே பிள்ளைகளை வளர்த்த மனிதர், பிள்ளைக்குக் கல்யாணம் ஆகும் நேரத்தில் சக்கர நாற்காலிக்கு வந்துவிடுகிறார்.

கல்யாணமும் அதற்குள் இடம் மாறிவிட்டது. கல்யாண மண்டபம் என்ற பெயர் கோயிலிலிருந்து வந்தது. விஜயநகர, நாயக்கர் காலக் கோயில்களில் சாமிக்குத் திருக்கல்யாணம் நடத்தக் கட்டிய மண்டபங்களின் நடுவே உயரமான மேடை இருக்கும். காஞ்சிபுரம் வரதராஜர் கோயிலில் இன்றும் பார்க்கலாம். சாமியை அந்த மேடைக்கு ஆட்கள் தூக்கிக்கொண்டு போவார்கள், அதனால் படிகள் பிரச்சினை இல்லை. நம் காலத்து மண்டபங்களும் மணமக்களை மேடையில்தான் ஏற்றுகின்றன. பின்வரிசைக்குத் தெரிய வேண்டும், கேமராவுக்கு வாகாக இருக்க வேண்டும்.

2016இல் என் தங்கச்சி கல்யாணம் திருச்சி ரோட்டில் ஒரு மண்டபத்தில் நடந்தது. மேடைக்கு ஏழு படி, சாப்பாட்டுக் கூடத்துக்குப் பதினெட்டு. "சாய்தளம் இல்லீங்களா?" என்று கேட்டதற்கு, "நாலு பசங்கள வெச்சுத் தூக்கிக்கலாமுங்க" என்றார் மேலாளர். தாரை வார்க்கும் நேரத்தில் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கினோம். மூன்றாவது படியில் நாற்காலி சாய்ந்தது. அப்பா என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். இறங்கியதும், "இனி என்னைய மேல கூப்பிடாதீங்க கண்ணு, கீழயே இருந்துக்கறேன்" என்றார். மதியம் வரைக்கும் கீழேயே இருந்தார். ஆல்பத்தில் குடும்பப் படங்கள் நிறைய இருக்கின்றன. அவர் இருப்பது இரண்டே படங்களில்.

பொறியியல் படித்தவன் என்பதால் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சாய்தளத்துக்கான பொது விதி ஒன்றுக்குப் பன்னிரண்டு. ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம். மூன்றரை அடி மேடைக்கு 42 அடி வேண்டும். கட்டிய பிறகு அதை எங்கே நுழைப்பது? ஓர் அடி மேடை என்றால் பன்னிரண்டு அடி போதும். வாசல் பந்தலுக்கு அதுவும் வேண்டாம்.

2016ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் பொதுக் கட்டடம் என்றால் அரசுக் கட்டடம் மட்டுமல்ல. பொதுமக்கள் புழங்கும் தனியார் கட்டடமும் சேர்த்திதான். பழைய கட்டடங்களைச் சரிசெய்ய, விதிகள் வந்த 2017 ஜூனிலிருந்து ஐந்து வருடம் கொடுத்தார்கள். அந்தக் கெடு 2022இல் முடிந்துவிட்டது. ராஜீவ் ரதூரி வழக்கில், 2024 நவம்பர் 8 அன்று, அணுகல் தரங்களை வெறும் பரிந்துரையாக விட்டுவைத்த 15ஆம் விதி சட்டத்துக்கே முரணானது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. கட்டாய விதிகளை மூன்று மாதத்துக்குள் வகுக்கச் சொன்னது.

தீர்ப்பு வந்ததும் எந்த மண்டபத்திலும் படி தானாகக் குறைந்துவிடாது. ஆனால் மணவறையை மேடையிலிருந்து இறக்கிக் கூடத்தின் நடுவில், தரையில் வைக்கலாம். எந்தச் சீரும் கெடாது. எங்கள் முறைப்படி அது பழைய வழக்கத்துக்குத் திரும்புவதுதான். மண்டபம் பார்க்கப் போகும்போது ஏசி உண்டா, பார்க்கிங் எத்தனை கார், சமையல் பாத்திரம் சேர்த்தியா என்றெல்லாம் கேட்கிறோம். முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் இன்னும் ஒன்றையும் சேர்த்துக் கேளுங்கள்: "மேடை எத்தனை அடிங்க?"