சக்தி நுண்செயலி

சக்தி என்பது சென்னை ஐ.ஐ.டி.யில் உருவான நுண்செயலிக் குடும்பம். வி. காமகோடி தலைமையிலான 'ரைஸ்' ஆய்வுக் குழு 2014-இல் இதன் பணியைத் தொடங்கியது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் 2010-இல் தோன்றிய, உரிமக் கட்டணம் இல்லாத ரிஸ்க்-5 கட்டளைத் தொகுதியே இதன் அடிப்படை.

வகைகள்: இ வகை, கட்டளைகளைப் படிப்படியாக நிறைவேற்றும் மூன்று கட்ட பைப்லைன் கொண்டது, சிறு கருவிகளுக்கு உரியது. சி வகை ஐந்து கட்டங்கள் உடையது. லினக்ஸ் இயங்குதளத்தை இயக்க வல்லது. ஐ வகை, கட்டளைகளை வரிசை மாற்றி நிறைவேற்றும். எம் வகையில் பல கருக்கள் உண்டு. எஸ் வகை சர்வர்களுக்கும், எச் வகை மிகைத்திறன் கணிப்புக்கும் திட்டமிடப்பட்டவை. பாதுகாப்புக்கு டி வகையும், பிழை தாங்குவதற்கு எஃப் வகையும் வகுக்கப்பட்டன.

உற்பத்தி: மெருகேற்றிய சிலிக்கான் வேஃபரின்மேல் ஒளியுணர் பூச்சிட்டு, மறைப்புத் தகட்டின் வழியே ஒளி பாய்ச்சி, சுற்றின் வடிவைப் பதித்து, அரித்து, அயனிகளைச் செலுத்திச் சில்லு செய்யப்படுகிறது. 2018-இல் முதற்சில்லான ரைஸ்கிரீக், அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்திலுள்ள இன்டெல் ஆலையில் 22 நானோமீட்டர் ஃபின்ஃபெட் முறையில் தயாரானது. இம்முறையில் டிரான்சிஸ்டரின் மின்வாயில், நிமிர்ந்து நிற்கும் சிலிக்கான் துடுப்பை மூன்று பக்கமும் சூழ்வதால் மின்கசிவு குறைகிறது. வார்த்த இடம் எதுவாயினும், வடிவமைப்பு சென்னையுடையது ஆதலின் இது இந்தியச் செயலியே.

அதே ஆண்டில் ரிமோ என்ற அடுத்த சக்திச் சில்லு, மொகாலியிலுள்ள குறைகடத்தி ஆய்வகத்தில் 180 நானோமீட்டர் முறையில் தயாரானது. செமிகண்டக்டர் காம்ப்ளெக்ஸ் என்ற பெயரில் 1984-இல் உற்பத்தியைத் தொடங்கிய இந்த ஆலை, 1989 தீ விபத்தில் பேரழிவுக்கு உள்ளாயிற்று. பின்னர் விண்வெளித் துறையின் பொறுப்புக்கு வந்து, இப்போது மின்னணு அமைச்சகத்தின்கீழ் உள்ளது. 2020-இல் மூஷிக் சில்லும் இங்கேயே உருவாயிற்று. 22 நானோமீட்டரைவிடப் பருமனான இந்த 180 நானோமீட்டர் முறையைப் பழையது என ஒதுக்குவது பொருந்தாது. ஏவுகலங்களுக்கும் தொழிற்கருவிகளுக்கும் அதுவே போதுமானது.

2025-இல் சென்னை ஐ.ஐ.டி. இஸ்ரோவுடன் இணைந்து சக்தியின் அடிப்படையில் உருவாக்கிய ஐரிஸ் செயலியின் சில்லு மொகாலியிலும், பேக்கேஜிங் கர்நாடகத்தில் டாட்டா அட்வான்ஸ்டு சிஸ்டம்ஸ் ஆலையிலும், சுற்றுப்பலகை குஜராத்திலும், பொருத்துதல் சென்னையிலும் நடந்தன.

இன்றைய நிலை: மொகாலியின் 180 நானோமீட்டரைவிட நுண்ணிய சில்லுகளை உள்நாட்டிலேயே தயாரிக்க, குஜராத்தின் தொலேராவில் டாட்டா நிறுவனமும் தைவானின் பவர்சிப் நிறுவனமும் 28 நானோமீட்டர் வரையிலான ஆலை அமைக்க 2024 பிப்ரவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.