இருமுறை உதித்த கதிரவன்

தூரத்தை வேகத்தால் வகுத்தால் பயண நேரம் கிடைக்கும் என்று ஆறாம் ஆண்டு மாணவர்க்குக் கற்பிக்கின்றோம். கணக்கு பிழையற்றதே. ஆயினும், இடையில் போர் ஒன்று வந்து நின்றால் அவ்வகுத்தலுக்குள் அடங்காத பல செய்திகள் புகுந்துவிடுகின்றன.

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரிலிருந்து சிங்கப்பூர் ஏறத்தாழ 3,900 கிலோமீட்டர். சிங்கப்பூரிலிருந்து கொழும்பு சுமார் 2,700 கிலோமீட்டர். இன்றைய விமானங்களில் இரண்டுக்கும் சேர்த்து ஒன்பது மணி நேரப் பறப்பே தேவை. 1930களின் நடுவிலிருந்து இலண்டனையும் ஆஸ்திரேலியாவையும் இணைத்த வான்வழியும் சிங்கப்பூரைத் தொட்டே சென்றது. 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. அத்துடன் அவ்வழியும் அறுபட்டது.

அறுந்த இழையை மீண்டும் முடிய, 1943ஆம் ஆண்டின் நடுவில் குவாண்டாஸ் நிறுவனம் ஒரு துணிகரச் சேவையைத் தொடங்கிற்று. பெர்த் நகரின் சுவான் ஆற்றிலிருந்து எழும் கட்டலினா நீர்விமானம், எங்கும் தங்காது இந்தியப் பெருங்கடலைக் கடந்து, இலங்கையின் காலிக்கு அருகிலுள்ள கொக்கலை ஏரியில் இறங்கவேண்டும். தூரம் ஏறத்தாழ 5,650 கிலோமீட்டர். விமானத்தின் வேகமோ மணிக்கு 200 கிலோமீட்டர் அளவே. வகுத்துப் பார்ப்பின் இருபத்தெட்டு மணி நேரம் வரும். காற்று எதிர்த்தால் முப்பதையும் தாண்டும். ஒருமுறை 32 மணி 9 நிமிடம் ஆயிற்று.

இத்துணை நேரம் பறப்பதற்கு வேண்டிய எரிபொருளே விமானத்தின் சுமையை விழுங்கிவிட்டது. எஞ்சிய இடத்தில் மூன்று பயணிகளும் 69 கிலோ அஞ்சலும் மட்டுமே செல்ல இயன்றது. மூன்று பேருக்காக ஒரு விமானமா என்று இன்று நாம் வியக்கலாம். அவர்கள் போர்ப்பணி மேற்கொண்டோர். அஞ்சலும் அரசு, படை ஆகியவற்றுக்குரியது.

பகைவர் விமானங்கள் சுற்றும் பகுதியை இருளில் கடக்குமாறு புறப்படும் நேரம் வகுக்கப்பட்டது. வானொலியில் பேசுதல் கூடாது. எனவே வழிகாட்டி விண்மீன்களே! விமானங்கள் ஐந்திற்கும் விண்மீன்களின் பெயர்களையே சூட்டினர். அவற்றுள் ஸ்பைகா நம் சித்திரை. அந்தாரெஸ் நம் கேட்டை. ஆல்டேர் நம் திருவோணம். ஐந்திணை கற்பிக்கும் நாம் இவற்றை வானில் காட்டி மாணவர்க்கு எப்போதேனும் கற்பித்ததுண்டா? நான் கற்பித்ததில்லை.

ஒரே பயணத்தில் இருமுறை கதிரவன் உதிக்கக் கண்டமையால், பயணிகளுக்கு 'இரட்டை உதயத்தின் இரகசிய அணி' எனும் சான்றிதழ் வழங்கினர். 1945 ஜூலை வரை 271 முறை கடல் கடந்தனர். ஓர் உயிரேனும் இழக்கப்படவில்லை. அக்காலக் கருவிகளை எண்ணின், இதுவே எனக்குப் பெருவியப்பாகத் தோன்றுகிறது.

2018 மார்ச் முதல் பெர்த்திலிருந்து இலண்டனுக்கு இடைநில்லா விமானம் பறக்கின்றது. ஏறத்தாழ 14,500 கிலோமீட்டரை அது பதினேழு மணி நேரத்தில் கடக்கின்றது. தூரம் இரண்டரை மடங்கு. நேரமோ கட்டலினாவுக்குத் தேவைப்பட்டதில் ஏறக்குறைய பாதி.

அந்த ஐந்து விமானங்களும் கடன்-குத்தகை ஏற்பாட்டின்கீழ் அமெரிக்காவிலிருந்து கிடைத்தவை. போர் முடிந்ததும், ஒப்பந்த விதிப்படி, அவற்றை ஆஸ்திரேலியக் கரைக்கு அப்பால் கடலில் மூழ்கடித்தனர்.