திரிசிராமலையும் தருக்கநூற் கல்வியும்

சைவ சித்தாந்த சாத்திரங்களைப் பயிலப் புகுவார்க்கு முன்னர் வேண்டற்பாலது அளவைநூலுணர்ச்சி. ஒரு பொருளை இன்னதென்று துணிதற்குக் கருவி அளவையே ஆகலின், அதனை அறியாதார் கொண்ட துணிவு உண்மையேயாயினும் பிறர் வினாவியவழித் தளரும். அக்கல்வி திருச்சிராப்பள்ளியிலும் திருவரங்கத்திலும் நிலவிய வரலாற்றை ஈண்டு நோக்குதல் பயனுடைத்து.

திருச்சிராப்பள்ளிக் குன்றின்மேல், முதலாம் மகேந்திரவர்மப் பல்லவன் ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியிற் குடைவித்த சிவாலயம் ஒன்று உளது. ஆண்டுள்ள தூணிற் பொறித்த வடமொழிச் சுலோகம் ஒன்று, குணபரன் என்னும் அவ்வரசன் இலிங்கியாயினமையையும், விபட்சத்தினின்று மீண்ட ஞானம் இவ்விலிங்கத்தால் உலகில் நெடிது பரவவேண்டும் என்பதையும் கூறுகின்றது. தென்னிந்தியச் சாசனங்களின் முதற்றொகுதியில் 1890-ஆம் ஆண்டு இதனை வெளியிட்ட ஹூல்ஷ் துரைமகனார், இச்சுலோகம் தருக்கநூற் குறியீடுகளை வைத்து இருபொருள்படப் பாடப்பெற்றது என எடுத்துக்காட்டினார்.

அக்குறியீடுகளின் இயல்பு வருமாறு. மலையிற் புகையைக் கண்டு நெருப்புண்டென்று துணியுமிடத்து, மலை பக்கம் எனப்படும். புகை இலிங்கம், அஃதாவது ஏது எனப்படும். புகையும் நெருப்பும் ஒருங்கு காணப்பட்ட அடுக்களை சபக்கம். நெருப்பில்லாத நீர்நிலை விபக்கம். ஏதுவானது பக்கத்தும் சபக்கத்தும் இருந்து, விபக்கத்தில் இல்லாதொழிதல் வேண்டும். விபக்கத்திலும் சென்று நிற்குமாயின் அது போலி ஏதுவாம். சிவலிங்கத்தையும் ஏதுவையும் ஒரு சொல்லாற் சுட்டி, பகைநெறியையும் விபக்கத்தையும் மற்றொரு சொல்லாற் சுட்டிய புலவர், கற்பார்க்குத் தருக்கப் பயிற்சி உண்டென்று கருதியே பாடினாராதல் வேண்டும்.

இனி, இச்சுலோகத்தைக் கொண்டே அரசன் சமணம் விட்டுச் சைவனாயினான் என்று பலர் எழுதினர். சுலோகமோ சமணத்தைப் பெயர் கூறிற்றில்லை. விபட்சத்தினின்று மீண்டமை கல்லிற் காணப்படுவது. அவ்விபட்சம் சமணமே என்பது அனுமானம். திருநாவுக்கரசு சுவாமிகளின் பெருமை கண்டு பல்லவன் சமணத்தை விட்டான் என்பது சேக்கிழார் பெருமான் அருளிய உரை. இம்மூன்றும் ஒன்றற்கொன்று துணையாய் நிற்பன, எனினும் ஒன்றன்று. இவற்றைப் பிரித்தறிதலால் பத்தி குறைவதில்லை. மறுப்பார் முன் எதனை எதனால் நிறுவுதல் வேண்டுமென்னும் தெளிவே உண்டாகும்.

சித்தாந்த ஆசிரியர்கள் நூல் செய்த முறையும் இதுவே. மெய்கண்டதேவர் சிவஞானபோதத்தின் 12 சூத்திரங்களை 39 அதிகரணங்களாக வகுத்து, மேற்கோளும் ஏதுவும் எடுத்துக்காட்டுமாக நடத்தினார். அருணந்தி சிவாசாரியார் சித்தியாரின் தொடக்கத்தில் அளவையை வைத்து, பிறர் பத்தென விரித்தவற்றைக் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடக்கினார். அன்னம்பட்டர் இளைஞர்க்கெனச் செய்த தருக்கசங்கிரகத்தைச் சிவஞான முனிவர் தமிழிற் பெயர்த்தருளியதும், தமிழ் மாணாக்கர் சித்தாந்த வாயிலை எளிதிற் கடத்தற்பொருட்டேயாம். காவிரிக்கு அப்பால் திருவரங்கத்தில் வாழ்ந்த வேதாந்ததேசிகரும் நியாயபரிசுத்தி என்னும் நூல் செய்து, நியாய நூலைத் தம் மரபிற்கேற்பத் தூய்மைசெய்தனர். கொள்கையால் வேறுபட்டாரும் கருவியைக் கைவிட்டிலர்.

அஃதேல், தருக்கத்தாற் கேடில்லையோ எனின், உண்டு. விசயரங்க சொக்கநாத நாயக்கர் (1706–1732) காலத்துத் திருச்சிராப்பள்ளி அரண்மனையில் அலுவல் புரிந்தவராகக் கூறப்படும் தாயுமான அடிகள், வடமொழி வல்லார் வரின் தமிழின் பெருமை பேசியும், தமிழ் வல்லார் வரின் வடமொழி பேசியும் எவரையும் மருட்டுகின்ற கல்வியினும் கல்லாமையே நன்றென இரங்கினார். அவர் கடிந்தது வெல்லுதலையே பயனாகக் கொண்ட வாதத்தையேயன்றி, உண்மை துணிதற்குரிய அளவையையன்று.

அம்மலைக்கு அணித்தாகவே மேனாட்டுத் தருக்கமும் பின்னர் வந்து சேர்ந்தது. இயேசு சபையார் 1844-இல் நாகப்பட்டினத்தில் தொடங்கிய தூய வளனார் கல்லூரி 1883-இல் திருச்சிராப்பள்ளிக்குப் பெயர்ந்தது. 1599-இல் வகுத்த அச்சபையாரின் கல்வித்திட்டமே தத்துவப் பயிற்சியைத் தருக்கத்தினின்று தொடங்குவது. சென்னைப் பல்கலைக்கழகத்து இண்டர்மீடியட் வகுப்பிலும் தருக்கம் விருப்பப் பாடங்களுள் ஒன்றாயிருந்தது. அரிஸ்டாட்டில் வகுத்த முறையில் அனுமானத்திற்கு உறுப்பு மூன்று. நியாய நூலார்க்கு மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு, உபநயம், நிகமனம் என ஐந்து. அங்கே இடைநின்று இணைக்கும் பதமே இங்கே ஏது. ஆயினும் எடுத்துக்காட்டு அங்கே தனியுறுப்பன்று. இங்கே அது பொதுவிதியைக் கண்கூடான பொருளோடு பிணிக்கும் உறுப்பாகும். கல்லூரித் தருக்கம் கற்றான் ஒருவன் சிவஞானபோதத்தைத் திறப்பின், மேற்கோளையும் ஏதுவையும் பழகிய முகமாகவே காண்பன். எடுத்துக்காட்டின் இன்றியமையாமையை மட்டும் புதிதாக அறிவன்.

1950-களில் இண்டர்மீடியட் வகுப்பு நீங்கிப் புகுமுக வகுப்பு வந்தது; பின்னர் அதுவும் நீங்கிற்று. பாடத்திட்டங்கள் வரும், போம். ஆயின் அளவை கல்லாது சித்தியாரை ஓதுவார் அதனைத் தோத்திரமாகவே ஓதுவர். அதன்கண் ஆசிரியர் நிகழ்த்தும் வழக்கு அவர்க்குப் புலனாகாது. புலனாகாதவழி, பிறர் கூறும் மறுப்பு வலிதோ மெலிதோ என்று அறியவும் மாட்டார். ஆதலின், தருக்கசங்கிரகத்தின் சில ஏடுகளையேனும் முன்னர்க் கற்று, அதன்பின் சித்தியாரின் அளவையைப் பயின்று, அதற்குமேற் சூத்திரங்களுட் புகுதலே முறையாம். வழிபடும் இலிங்கமும் துணியும் இலிங்கமும் ஒரு சொல்லால் வழங்கப்பெற்றது திரிசிராமலையில். அவ்விரண்டனையும் ஒருங்கு போற்றுதல் சைவர்க்குக் கடனாம்.

திருச்சிற்றம்பலம்.